எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: இது எந்தப் பசி?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் முதல் மறுபரிசோதனையின்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறார்கள். "எனக்குப் பசியே இல்லை, அப்படியே விட்டுவிடலாமா?" என்பது ஒன்று. "இரைப்பையைச் சுருக்கிய பிறகும் பசிக்கிறதே; சிகிச்சை பலிக்கவில்லையா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றுதான். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பசி நம்பத்தக்க வழிகாட்டி அன்று. அக்காலத்தில் நேரத்தையும் அளவையும் பார்த்தே உண்ண வேண்டும்.

பசி ஏன் மாறுகிறது?

ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு அகற்றப்பட்டு, குறுகிய குழாய் போன்ற பகுதி மட்டும் எஞ்சுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரப்பது. அப்பகுதி நீங்குவதால் பசி தணிகிறது. கேஸ்ட்ரிக் பைபாஸ் முறையில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பை உருவாக்கப்படுகிறது. உணவு சிறுகுடலின் பிற்பகுதியை விரைவில் அடைவதால், நிறைவை உணர்த்தும் ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன.

ஆனால் பல ஆண்டுப் பழக்கங்களைத் தாங்கிய மூளை மாறுவதற்குக் காலம் பிடிக்கும். ஆகவே பசி தோன்றினால், "இது எந்தப் பசி?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பசிபோலத் தோன்றும் நான்கு

தாகம்: ஒரே மூச்சில் நீர் அருந்த இயலாததால் உடலில் நீர் குறைகிறது. அது சோர்வாகவும் பசியாகவும் தோன்றும். 30 மி.லி. அளவுள்ள மருந்துக் குவளையில் 15 நிமிடத்திற்கு ஒரு முறை சிறிது சிறிதாக அருந்தினால், விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் ஏறத்தாழ 1,700 மி.லி. உள்ளே செல்லும். நாளொன்றுக்கு 1.5 முதல் 2 லிட்டர் என்பதே நம் இலக்கு.

அமிலம்: மேல்வயிற்றில் பிறாண்டுவது போன்ற எரிச்சலைப் பலர் பசி என்று எண்ணுகிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தவறாது உட்கொண்டும் எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

சர்க்கரைத் தாழ்வு: நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குத் திடீர்ப் பசியுடன் வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே குருதிச் சர்க்கரையை அளந்து பாருங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைச் சிறிது நீரில் கரைத்து அருந்திவிட்டு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்த அதே அளவு இன்சுலினும் மாத்திரையும் இப்போது மிகையாகிவிடலாம்.

மனப்பசி: தாளிக்கும் மணம், தொலைக்காட்சி நேரம், தனிமை, கவலை ஆகியவற்றால் எழுவது இது. வயிற்றுப் பசி மெல்ல வளரும். எந்த உணவும் அதைத் தணிக்கும். மனப்பசியோ சட்டென எழுந்து, முறுக்கு, இனிப்பு என்று குறிப்பிட்ட ஒன்றையே கேட்கும். சிறிது நீர் அருந்தி, பத்து நிமிடம் நடந்து பாருங்கள். பெரும்பாலும் அது அடங்கிவிடும்.

படிப்படியான உணவு

இரைப்பையின் தையல் உறுதியாவதற்குச் சில வாரங்கள் ஆகும். ஒவ்வொரு படிக்கும் காரணம் அதுவே.

முதல் ஓரிரு நாள்: நீர், வடிகட்டிய காய்கறிச் சாறு போன்ற தெளிந்த நீர்மங்கள்.
இரண்டாம் வார இறுதி வரை: கொழுப்பு நீக்கிய பால், மோர், மருத்துவர் பரிந்துரைத்த புரதப் பொடி கலந்த பானம், கட்டியின்றி அரைத்த பருப்பு நீர்மம்.
3, 4-ஆம் வாரங்கள்: மசித்த பயத்தம்பருப்பு, தயிர், நன்கு மசித்த முட்டை அல்லது மீன்.
5, 6-ஆம் வாரங்கள்: மென்மையான பனீர், முள் நீக்கிய மீன், குழைய வேகவைத்த காய்கள், தயிரில் ஊறிய இட்லித் துண்டு.
அதன் பின்னர் வழக்கமான உணவு, சிறிய அளவில்.

உங்கள் டிஸ்சார்ஜ் அறிக்கையில் வேறு கால அட்டவணை தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் போதா

நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. இது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். சில மாதங்களில் முடி உதிர்வும் மிகும். "நோயாளிக்கு ஏற்றது" என்று நம் வீடுகளில் தரும் அரிசிக் கஞ்சி பெரும்பாலும் மாவுச்சத்தே. பருப்பை வேகவைத்து வடித்த நீரில் மணம் உண்டு, புரதம் மிகக் குறைவு. பருப்பையே அரைத்துச் சேர்க்க வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 200 மி.லி. பாலில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் புரதம் உண்டு. தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால் மட்டுமே சோறு என்ற வரிசையைக் கைக்கொள்ளுங்கள்.

சிறு கிண்ணமும் தேக்கரண்டியும் பயன்படுத்துங்கள். 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொண்டு மென்று உண்ணுங்கள். உணவோடு நீர் அருந்த வேண்டாம். உண்டபின் அரை மணி நேரம் பொறுத்திருங்கள். மார்புக்கு நடுவே சிறு அழுத்தமோ விக்கலோ தோன்றினால் அதுவே நிறைவின் அடையாளம்; அடுத்த கரண்டி வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

"இன்னும் ஒரு வாய்" என்பது நம் அன்பின் மொழி. இந்த வாரங்களில் அந்த ஒரு வாயே வாந்தியாக வெளிவரக்கூடும். மிச்சம் வைத்ததைக் கண்டு வருந்தாதீர்கள். அன்பைக் காட்ட வேறு வழிகள் உண்டு: நீர் அருந்தும் நேரத்தை நினைவூட்டுங்கள், மாலையில் உடன் நடந்து வாருங்கள், வைட்டமின் மாத்திரைகள் தீருமுன் வாங்கி வையுங்கள். அம்மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் தேவைப்படுபவை.

காத்திருக்கக் கூடாதவை

ஓய்விலும் நாடித்துடிப்பு 120-க்கு மேல் இருத்தல், காய்ச்சல், கூடிவரும் வயிற்றுவலி, இடது தோள்வலி, மூச்சுத்திணறல் ஆகியவை தையல் கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். கருநிற மலமும் நீரைக்கூட விழுங்க இயலாமையும் ஆபத்தின் அடையாளங்களே. இவற்றில் எது தோன்றினாலும் இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

வாந்தி இரண்டு மூன்று நாள் நீடித்தாலும் தாமதிக்காதீர்கள். உடலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடுதல், குழப்பம் என நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் "எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர், தயமின் தேவைப்படலாம்" என்று அங்குள்ள மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடையில் தாமாக வாங்கும் வலிநிவாரணிகளைத் தவிருங்கள். அவற்றுள் பல இரைப்பையில் புண் உண்டாக்கும்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது ஒரு குறிப்பேடு கொண்டு வாருங்கள். அருந்திய நீர், உண்ட புரதம், பசி தோன்றிய நேரம், அது எந்தப் பசி என்ற உங்கள் கணிப்பு ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். உங்கள் உணவையும் மருந்தையும் உங்களுக்கேற்பத் திருத்தி அமைக்க அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.