சுண்ணாம்பு நீர் ஏன் பாலாகிறது?

கேள்வி: உப்பு ஆய்வில் கார்பனேட் இருக்கிறதா என்று பார்க்க, நீர்த்த அமிலம் ஊற்றியதும் பொங்கி வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விடச் சொல்கிறார்கள். இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது?

பதில்: மருத்துவம் படித்த ஒருவரிடமிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்த ஜோசப் பிளாக்தான் அவர். அந்தக் காலத்தில் சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கச் சுண்ணாம்பு நீரையே குடிக்கக் கொடுத்தார்கள். (குடித்தவர்கள் பாவம்!) அதைச் சிப்பி ஓட்டிலிருந்து எடுப்பதா, சுண்ணாம்புக்கல்லிலிருந்து எடுப்பதா என்று பேராசிரியர்களுக்குள்ளேயே தகராறு. இந்த வம்பே வேண்டாமென்று பிளாக் வெள்ளை மெக்னீசியாவை (ஒரு வகை மெக்னீசியம் கார்பனேட்) கையில் எடுத்தார். சூடாக்கினால் அதன் எடை குறைந்தது. குறைந்தது எங்கே போயிற்று? வாயுவாக வெளியேறியிருந்தது. இதுதான் 1754-இல் அவர் பட்டத்துக்காகக் கொடுத்த ஆய்வேடு. 1756-இல் சுண்ணாம்பையும் சேர்த்து விரிவாக எழுதினார். கல்லுக்குள் பிணைந்து கிடந்த அந்த வாயுவை ‘நிலைத்த காற்று’ என்றார். இன்று அதுதான் கார்பன் டை ஆக்சைடு.

வாயுவைப் பிடித்துப் பார்த்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஆனால் ஒவ்வொரு படியிலும் தராசை வைத்துக் கணக்குப் பார்த்ததுதான் பிளாக்கின் பெருமை என்பேன். பிறகு குழாய் வழியே சுண்ணாம்பு நீருக்குள் ஊதினார், நீர் வெளுத்தது. நாம் விடும் மூச்சிலும், எரியும் கரியிலும், நொதிக்கும் சரக்கிலும் இதே வாயு இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

நீர் வெளுக்கக் காரணம், கரையாத கால்சியம் கார்பனேட் பொடிப்பொடியாக மிதப்பதுதான். வாயுவை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தால் அது கரையும் பைகார்பனேட்டாக மாறி, நீர் மறுபடி தெளிந்துவிடும். வெளுத்த நேரத்தில் கவனிக்காத மாணவர் ‘கார்பனேட் இல்லை’ என்று எழுதிவிட்டு வருவார். திறந்து வைத்த சுண்ணாம்பு நீரிலும் மேலே மெல்லிய ஆடை படியும். வெளிக்காற்றில் உள்ள சொற்ப வாயுவே அதற்குப் போதும். ஆகவே வடிகட்டிய புது நீரையே எடுங்கள்.

இன்னொன்று, சல்பைட்டிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும். அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளை முதலில் காட்டுங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானால் அது கார்பனேட் அல்ல, சல்பைட்.