காட்டுக்கத்திக்கு ஏற்ற தீட்டுங் கோணம்

கமக்காரரின் கருவிகளுள் மண்வெட்டிக்கு அடுத்தபடியாக நாள்தோறும் கைக்கு வருவது காட்டுக்கத்தியாகும். வேலிக் கதியால் வெட்டுதல், பற்றை துப்புரவாக்கல், காய்ந்த பனைமட்டை தறித்தல், விறகு பிளத்தல் ஆகிய யாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே கத்திதான் பயன்படுகின்றது. கத்தி கூராயிருந்தாற் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். கூர் மட்டுமன்றி, அக்கூர் எக்கோணத்தில் அமைந்துள்ளது என்பதும் கவனிக்கற்பாலது.

விவசாயப் பாடசாலையிற் பயின்ற முதலாண்டில், எனது கத்தியைக் காகிதம் அறுக்குமளவுக்கு மெல்லியதாகத் தீட்டிக்கொண்டு பற்றைக்காட்டுக்குச் சென்றேன். கிளுவையை வெட்டும்வரை குறையெதுவும் தோன்றவில்லை. பாலைக் கட்டையொன்றில் மூன்றாம் வெட்டு விழுந்ததும் வாய் மடிந்துவிட்டது. நான்காம் வெட்டிற் கத்தி கட்டையிற் பதியாது வழுக்கி, என் முழங்காலுக்குக் கீழே அரை அங்குல இடைவெளியிற் சென்றது. அன்று கற்ற பாடமே இங்கு கூறப்படுகின்றது.

கோணம் என்பது யாது?

அலகின் நடுக்கோட்டுக்கும் தீட்டப்பட்ட சரிவுக்கும் இடைப்பட்டதே ஒரு பக்கக் கோணமாகும். இரு பக்கமும் 20 பாகையாயின், வாயின் முழுக்கோணம் 40 பாகையாகும். கீழே தரப்படுவன யாவும் ஒரு பக்கக் கோணங்களே.

கோணம் குறைந்தால் வாய் எளிதிற் புகும். ஆயினும் அதன் பின்னாலுள்ள உருக்குக் குறைவாகையால் மடியும், அல்லது பல் விழும். கோணம் கூடினால் வாய் நிலைத்து நிற்கும். ஆனால் வெட்டுவதற்குக் கூடிய வலு வேண்டும்.

வேலைக்கேற்ற கோணம்

(அ) புல், வாழை, இளங்கொடி: 18 முதல் 20 பாகை.
(ஆ) பச்சைக் கதியால், கிளை, பலவகைப்பட்ட வேலை: 22 முதல் 25 பாகை.
(இ) காய்ந்த பனைமட்டை, பாலை, வீரை முதலிய வைரமான மரம்: 28 முதல் 30 பாகை.

ஒரே கத்தியை வைத்திருப்போர் (ஆ) பிரிவைத் தெரிந்துகொள்வது நன்று. விரும்பின், பிடிக்கு அண்மையிலுள்ள 3 அங்குலத்தை 20 பாகையாகத் தீட்டிச் சீவும் வேலைக்கு ஒதுக்கி, ஓங்கி வெட்டும் எஞ்சிய பகுதியை 25 பாகையாக வைத்துக்கொள்ளலாம்.

கோணத்தை அளக்கும் முறை

இதற்கு விலைகொடுத்து வாங்கும் கருவி வேண்டியதில்லை. சதுரக் காகிதமொன்றின் மூலை 90 பாகையாகும். அம்மூலையை ஒருமுறை சமமாக மடித்தால் 45 பாகையும், மறுமுறை மடித்தால் 22½ பாகையும் கிடைக்கும். அதே மூலையை மூன்று சம பங்காக மடித்தால் 30 பாகை கிடைக்கும். மடித்த காகிதத்தைத் தீட்டுக்கல்லின் அருகே நிறுத்தி, அதன் சரிவுக்கு ஒப்பாகக் கத்தியைச் சாய்த்துப் பிடிக்க.

முதுகின் உயரத்தாலும் அளக்கலாம். வாயிலிருந்து முதுகு வரை 50 மி.மீ. அகலமுள்ள கத்தியாயின், முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து 17 மி.மீ. உயர்ந்தால் 20 பாகை, 21 மி.மீ. உயர்ந்தால் 25 பாகை, 25 மி.மீ. உயர்ந்தால் 30 பாகை. அகலம் வேறுபடின் உயரமும் அதே விகிதத்தில் வேறுபடும்.

தீட்டும் முறை

1. கத்தியை அசையாதவாறு பலகையோடு இறுக்குக. அரத்துக்குப் பிடியிட்டு, தடித்த கையுறை அணிந்துகொள்க.

2. பழைய கோணத்தையே காக்க விரும்பின், சரிவில் அடுப்புக்கரி பூசி இருமுறை அராவிப் பார்க்க. வாயோரத்தில் மட்டும் கரி நீங்கின் அரம் மிகச் சாய்ந்துள்ளது. மேலோரத்தில் மட்டும் நீங்கின் சாய்வு போதாது. முழுவதும் நீங்கின் சரியானது.

3. அரம் முன்னோக்கித் தள்ளும்போதே வெட்டும். ஆகவே பின்னுக்கு இழுக்கையில் அதனை உயர்த்துக.

4. மறுபக்கத்தில் வாயின் நீளம் முழுவதும் பிசிர் தோன்றும்வரை அராவியபின் பக்கம் மாற்றுக. பிசிரை முதுகுப் புறமிருந்து வாய்ப்புறமாக விரலால் மெல்லத் தடவி அறிக; வாயின் நீளவாக்கில் ஒருபோதும் தடவலாகாது.

5. இறுதியில் நனைத்த கல்லில் இரு பக்கமும் மாறி மாறி மெதுவாகத் தீட்டிப் பிசிரை நீக்குக.

சுழலும் சாணையைப் பயன்படுத்துவோர் கத்தியை அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். வாய் நீலநிறமாக மாறின், அவ்விடத்து உருக்கின் பதம் கெட்டுவிட்டதென அறிக. அவ்வாய் பின்னர் கூரைத் தாங்காது.

கோணத்தைத் திருத்துதல்

ஒருநாள் வேலைக்குப் பின் வாயை வெளிச்சத்திற் பார்க்க. மடிந்தோ பல் விழுந்தோ இருப்பின் அடுத்த முறை 2 அல்லது 3 பாகை கூட்டுக. வாய் பழுதின்றிக் கூராயிருந்தும் மரத்தில் ஆழமாகப் பதியாவிடின் 2 பாகை குறைக்க. கல்லிலோ முட்கம்பியிலோ பட்ட வடு கோணத்தின் குறையன்று. அதற்காகக் கோணத்தை மாற்றவேண்டாம். இவ்வாறு இரண்டு மூன்று முறை திருத்தினால், உங்கள் கத்திக்கும் உங்கள் காணியின் மரங்களுக்கும் உரிய கோணம் தெரிந்துவிடும். அதனைப் பிடியிற் குறித்து வைத்துக்கொள்க.

மழுங்கிய கத்தியும், மிக மெல்லியதாய்த் தீட்டி மடிந்த கத்தியும் ஒன்றே. இரண்டும் மரத்திற் பதியாது வெட்டுபவரின் காலைத் தேடி வரும். வேலைக்குப் புறப்படுமுன் தீட்டுக்கல்லில் செலவிடும் பத்து நிமிடத்தை வீணென்று எண்ணற்க.