உறைவிந்துக் குச்சியைக் காக்கும் திரவ நைட்ரஜன்

ஸ்ரீரங்கம் தீவில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருப்பார்கள். சினை ஊசி போட வருபவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த அலுமினியக் கேனின் மூடியைத் திறந்ததும் வெண்புகை பொங்கி வழிந்து தரையில் தவழும். மருந்து வீணாகிப் போகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. அது மருந்தும் அல்ல, நைட்ரஜனும் அல்ல. நைட்ரஜன் வாயுவுக்கு நிறமில்லை; கண்ணுக்குத் தெரியாது. கொட்டகைக் காற்றிலுள்ள ஈரம், கேனிலிருந்து வரும் கடுங்குளிர் பட்டு நுண்ணிய துளிகளாகத் திரள்வதே அந்தப் புகை. மார்கழி அதிகாலையில் கொள்ளிடக் கரை வாழை இலைகளில் பனித்துளி நிற்பதும் இதே முறையில்தான்.

நீராவி துளியாவதற்கு மார்கழிக் குளிர் போதும். காற்று துளியாவதற்கு அது போதாது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். விவசாயிகள் தழைச்சத்து என்று அறிந்திருப்பதும் இதையே. யூரியாவிலுள்ள தழைச்சத்தும் காற்றிலிருந்து எடுக்கப்படுவதே. இந்த வாயு திரவமாக வேண்டுமானால் உறைநிலைக்குக் கீழே 196 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர வேண்டும். ஆக்சிஜனுக்கு 183 டிகிரி.

இவ்வளவு குளிரை எப்படி உண்டாக்குகிறார்கள்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும். அழுத்தினால் காற்று சூடாகும். டயர் வால்வைத் திறந்து விட்டால் சீறி வரும் காற்று குளிர்ச்சியாக இருக்கும். தொழிற்சாலையில் முதலில் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி விடுவார்கள். இல்லாவிட்டால் அவை உறைந்து குழாயை அடைத்துவிடும். பிறகு காற்றை அழுத்தி, அதன் சூட்டை ஆற்றி, விரியவிட்டுக் குளிரச் செய்வார்கள். குளிர்ந்த காற்றைக் கொண்டு அடுத்து வரும் காற்றை மேலும் குளிர வைப்பார்கள். இப்படியே தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் காற்று சொட்டத் தொடங்கும். 1877 டிசம்பரில் பிரான்சு நாட்டின் கையெத்தே என்பவர், அழுத்திய ஆக்சிஜனைத் திடீரென விரியவிட்டு, கண்ணாடிக் குழாயில் கணநேரம் மூடுபனி போன்ற துளிகளைக் கண்டார். 1895இல் ஜெர்மனியின் லிண்டே காற்றைத் தொடர்ந்து திரவமாக்கும் இயந்திரத்தை அமைத்தார். 2021இல் கொரோனா காலத்தில் டேங்கர் லாரிகளில் மருத்துவமனைகளுக்கு ஓடிய திரவ ஆக்சிஜனும், மாட்டுக் கொட்டகைக்கு வரும் திரவ நைட்ரஜனும் இவ்வகையில் காற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவையே.

கேனுக்குள் இருக்கும் குச்சி ஒவ்வொன்றிலும் கால் மில்லி விந்து, அதில் சுமார் 2 கோடி உயிரணுக்கள். சாதாரணமாக உறைய வைத்தால் நீர் ஊசி ஊசியாகப் பனிக்கட்டியாகி உயிரணுவைக் குத்திக் கிழித்துவிடும். கிளிசரின் சேர்த்தால் பெரும்பகுதி பிழைக்கும் என்பது 1949இல் இங்கிலாந்தில் தெரியவந்தது. அப்படி உறைந்த விந்து, திரவ நைட்ரஜனில் மூழ்கியிருக்கும் வரை பல ஆண்டுகள் கெடாது.

ஆபத்து கேனுக்கு வெளியேதான். உறைநிலைக்குக் கீழே 130 டிகிரி என்பது நமக்கு நினைக்கவும் முடியாத குளிர். குச்சிக்கோ அதுவே சூடு. அதற்கு மேலே ஏறினால் உள்ளிருக்கும் பனிக்கட்டி மீண்டும் வளரத் தொடங்கும். திருச்சியின் சித்திரை வெயிலில் மெல்லிய குச்சி அந்த நிலையைத் தாண்டச் சில விநாடிகள் போதும். வேறு குச்சியைத் தேடுவதற்காகக் குவளையைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தால் மற்றக் குச்சிகளும் கெடும். திரும்பத் திரவத்தில் அமிழ்த்தினாலும் கெட்டது சரியாகாது. பார்வைக்கு நல்ல குச்சி போலவே இருக்கும் என்பதுதான் தொல்லை.

ஆகவே மாட்டுக்காரர் சும்மா நிற்க வேண்டியதில்லை. சுத்தமான வெதுவெதுப்பான நீரைத் தயாராக வைக்கலாம். குச்சியை 37 டிகிரி நீரில் 30 விநாடி வைத்து உருக்குவதே முறை. கைமதிப்பை விடத் தெர்மாமீட்டர் நல்லது. உள்ளங்கையில் தேய்த்தோ சட்டைப் பையில் வைத்தோ உருக்குவது தவறு. உருக்கிய பின் ஈரத்தைத் துடைத்து, வெயில் படாமல், தாமதமின்றிச் செலுத்த வேண்டும். மாட்டைப் பிடித்துக் கட்டிய பிறகே குச்சியை உருக்கச் சொல்ல வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

கேனில் திரவம் எவ்வளவு உள்ளது என்று கேட்பதிலும் தவறில்லை. மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டினால் நனைந்த உயரம் வரை வெண்பனி பூக்கும். கேனின் வெளிப்புறத்தில் பனி பூத்தால் அதன் இரு சுவர்களுக்கிடையே உள்ள வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். காபி பிளாஸ்க் கெடுவது போலத்தான். திரவம் தோலில் பட்டால் தீப்புண் போல் புண்ணாகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால் கேனை இறுக மூடவோ, காற்றோட்டமில்லாத அறையில் வைக்கவோ கூடாது. குழந்தைகளை அருகே விடக்கூடாது.

சினை நிற்காததற்கெல்லாம் குச்சியைக் குறை சொல்வதும் நியாயமல்ல. பருவத்தைத் தவறவிடுவதே பெரும்பாலும் காரணம். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும். ஒருமுறை தவறினால் 21 நாள் தீவனச் செலவு வீண். ஊசி போட்ட தேதியையும் குச்சியில் அச்சிட்டுள்ள காளையின் எண்ணையும் நோட்டில் எழுதி வைத்து, 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை காலை மாலை மாட்டைக் கவனித்து வர வேண்டும். மீண்டும் பருவத்திற்கு வராவிட்டாலும் 2 அல்லது 3 மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.