சிப்பந்திகளின் வேலைத் திறமை

சர்க்கார் சிப்பந்தி வேலை செய்யாவிடில் அவருடைய குணத்தைக் குறை கூறுவோர் பலர். அவர் எத்தகைய ஏற்பாட்டின் கீழ் வேலை செய்கிறார் என்று விசாரிப்போர் சிலரே. இவ்விஷயத்தில் தமிழ்நாட்டு அனுபவமொன்று நமக்கு நல்ல பாடமாகும்.

1980-ஆம் வருஷத்தில் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பமாயிற்று. 6 மாதம் முதல் 36 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவதும், எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் சுமார் 90 நாள் சத்துணவு அளிப்பதும், தாய்மாருக்குப் புத்தி கூறுவதும் அதன் முக்கிய வேலைகள். அவற்றைச் செய்தவர்கள் கிராமத்து ஸ்திரீகள். பெரும் படிப்போ பெருஞ் சம்பளமோ உடையவர்களல்லர். எனினும் திட்டம் நடந்த இடங்களில் கடுமையான சத்துக் குறைவு தணிந்தது. அதற்குரிய காரணங்களைக் கவனிப்போம்.

முதலாவது, ஆள் தெரிவு. ஏழையாயினும் தம் குழந்தைகளை நன்கு வளர்த்த உள்ளூர்ப் பெண்களுக்கு முதன்மை அளிக்கப்பட்டது. அவர்கள் சொல்லை அயல்வீட்டுத் தாய் நம்புவது இயல்பு.

இரண்டாவது, வேலையின் வரையறை. கடமைகள் சிலவாகவும் தெளிவாகவும் இருந்தமையால், இன்று செய்ய வேண்டியது இன்னதென்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, மேற்பார்வை. சுமார் 10 பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். ஆகவே குற்றம் கண்டு செல்வதோடு நில்லாமல், உடனிருந்து கற்பிக்கவும் அவகாசம் கிடைத்தது.

நான்காவது, கணக்கு. வளர்ச்சி அட்டையில் குறித்த எடை மேலிடத்துக்கு அனுப்புவதற்கு மட்டுமன்று. எக்குழந்தைக்கு உணவு அவசியம் என்பதை ஊழியருக்கே அது காட்டியது.

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இவை பொருந்தும். ஒரே இன்ஸ்பெக்டரிடம் சங்கங்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், வருஷக் கடைசியில் புஸ்தகங்களைப் புரட்டுவதற்கே நேரமிருக்கும். அதற்குள் தவணை தவறிய கடன் வசூலாகாத நிலையை அடைந்துவிடும். காரியதரிசியைக் கண்டிப்பதால் அப்பணம் திரும்பாது.

ஆகவே சிப்பந்தியைத் தண்டிக்குமுன் மேலதிகாரிகள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு. தகுந்த ஆளை நியமித்தோமா? அவர் கடமையைத் தெளிவாகச் சொன்னோமா? வேண்டிய கருவிகளைக் கொடுத்தோமா? தக்க காலத்தில் சென்று உதவினோமா? இவற்றிற்கு ஆம் என்று விடை கூறக்கூடியவரே தண்டனையைப் பற்றி யோசிக்கலாம். எடை குறைந்துவரும் குழந்தை, அதிகாரிகளின் விசாரணை முடியும்வரை காத்திராதல்லவா?