யாரும் பார்க்காதபோது

செம்பவாங்கில் வசிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன், 'அல்டிமா 4' என்னும் பழைய கணினி விளையாட்டை விளையாடத் தொடங்கினான். ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய அந்தக் கற்பனைச் சாகச விளையாட்டு, 1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது.

அதில் கொடிய அரக்கனை வெல்வது இலக்கன்று. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், கண்ணியம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டுப் பண்புகளிலும் சிறந்து விளங்கி, 'அவதாரம்' என்ற நிலையை அடைவதே இலக்கு.

விளையாட்டில் வரும் மூலிகைக் கடைக்காரர் பார்வையற்றவர். விலையை அவர் சொல்வார். கொடுக்கும் தொகையை விளையாடுபவர்தான் முடிவு செய்யவேண்டும். மாணவன் குறைத்துக் கொடுத்தான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. ஆனால், விளையாட்டு அதைக் கணக்கில் வைத்துக்கொண்டது. திரையில் தெரியாமலேயே அவனது நேர்மை மதிப்பு குறைந்தது. பிறகு அவன் சரியான விலையைக் கொடுத்து வந்தபோதுதான் அது மெல்ல உயர்ந்தது.

ஒரு நாள், வீட்டுக்கு அருகிலுள்ள கடையில் அவனுக்கு மீதிப் பணத்தில் இரண்டு வெள்ளி கூடுதலாக வந்தது. கடைக்காரர் கவனிக்கவில்லை. இங்கே கணக்கு வைக்கக் கணினியும் இல்லை. மாணவன் ஒரு கணம் தயங்கி நின்றான்.

"அங்கிள், இரண்டு வெள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டீர்கள்," என்றான்.