இசைவிழாவும் இயற்கை உரமும்

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா, 1970ஆம் ஆண்டு ஒரு பால்பண்ணையில் தொடங்கியது. இன்றும் அங்கேயே நடைபெறுகிறது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் கூடும் அந்நிலத்தில், விழா முடிந்தபின் பசுக்கள் மேய வேண்டும். புல்லில் கிடக்கும் நெகிழித் துண்டும் கம்பியும் அவற்றின் உயிருக்கே கேடு விளைவிக்கும். நிலம் இளைப்பாற, சில ஆண்டுகளில் விழா நடத்தப்படுவதில்லை. 2019 முதல், ஒருமுறை பயன்படும் நெகிழிப் புட்டிகள் அங்கு விற்கப்படுவதில்லை. உணவுக்கடைகளில் மட்கும் தட்டுகளும் மரக்கரண்டிகளும் வழங்கப்படுகின்றன.

உணவுக்கழிவையும் சருகையும் அடுக்கடுக்காக இட்டு, காற்றும் ஈரமும் அளவாகக் கிடைக்கச் செய்தால், நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்து உரமாக்கும். ஆனால், அக்குவியலில் விழும் நெகிழிக்கரண்டி மட்காது. உரத்தோடு வயலையே சென்றடையும். ஆதலால், கழிவை இடும் ஒவ்வொருவரும் அதனைத் தரம்பிரித்தே இடுதல் வேண்டும்.

சொற்பொருள்
மட்குதல் – சிதைந்து மண்ணோடு கலத்தல்
நெகிழி – பிளாஸ்டிக்
சருகு – உலர்ந்த இலை

விடை எழுதுக
1. விழா நிலத்தைத் தூய்மையாக வைத்தல் ஏன் இன்றியமையாதது?
2. உரக்குவியலில் நெகிழி கலந்தால் என்ன நேரும்?

செயல்பாடு
உம் பள்ளி ஆண்டுவிழாவில் சேரும் கழிவுகளை மட்குவன, மட்காதன எனப் பட்டியலிடுக.