கட்டுநாயக்காவிலிருந்து டுபாய்: தூரமும் நேரமும்



எங்கள் தோட்டத்தில் நடந்த சங்கதி இது. டுபாயில் வேலை செய்த அம்மாவை அழைத்துவர ஒரு குடும்பம் வேன் பிடித்துக் கட்டுநாயக்காவுக்குப் போனது. பயணச்சீட்டில் 14ஆம் திகதி இரவு 9.45 என்று இருந்தது. அது டுபாயில் புறப்படும் நேரம். அவர்களோ வந்திறங்கும் நேரம் என்று நினைத்துவிட்டார்கள். விடியச் சாமம் வரை வாசலிலேயே நின்றார்கள். "அம்மா ஏன் வரல்ல?" என்று பிள்ளைகள் அழுதார்கள். வேன்காரர் காத்திருந்ததற்கு வேறாகக் காசு கேட்டார். அந்தச் சீட்டை முதலில் என்னிடம்தான் காட்டினார்கள். அவசரத்தில் நானும் சரியாகப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

தூரம் அளப்பது எப்படி?

பாடசாலையில் உள்ள பூகோள உருண்டையை எடுங்கள். சுவர்ப்படம் வேண்டாம். உருண்டையான பூமியைத் தட்டையாக வரைந்தால் தூரம் பிசகும். ஒரு நூலைக் கொழும்பிலும் டுபாயிலும் பிடித்து இறுக்கி இழுங்கள். அதே அளவு நூலை மத்திய கோட்டின் மேல் வைத்து, எத்தனை பாகை என்று எண்ணுங்கள். ஏறக்குறைய 30 வரும்.

மத்திய கோட்டின் முழுச் சுற்று 360 பாகை, சுமார் 40,000 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். 30ஐ 111ஆல் பெருக்கினால் 3,330. சரியான தூரம் சுமார் 3,290. நூல் கணக்கு அவ்வளவு கிட்ட வருகிறது!

எவ்வளவு நேரம்?

விமானம் மணித்தியாலத்துக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பறக்கும். கணக்குப்படி நாலு மணித்தியாலம் போதும். ஆனால் ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து நாலரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வேனில் போகவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தானே பிடிக்கிறது! திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பெரும்பாலும் விமானத்தைத் தள்ளிவிடும். அதனால் நேரம் கொஞ்சம் குறையும்.

சீட்டை வாசிப்பது எப்படி?

சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டுபாய் மணி நம் மணிக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு அங்கே பகல் 1.15க்கு இறங்கினால், பார்வைக்கு 3.15 மணித்தியாலம். ஒன்றரையைக் கூட்டுங்கள். உண்மையான பயணம் 4.45.

வரும்போது கழிக்க வேண்டும். அந்த அம்மா அங்கே இரவு 9.45க்குப் புறப்பட்டு, இங்கே 15ஆம் திகதி அதிகாலை 3.35க்கு இறங்கினார். பார்வைக்கு 5.50. ஒன்றரை போனால் 4.20. நள்ளிரவைத் தாண்டியதால் திகதியும் மாறிவிட்டது.

ஆகவே வேன் பேசுமுன் மூன்றைப் பாருங்கள்: இறங்கும் இடம், இறங்கும் திகதி, இறங்கும் நேரம். நம் ஊரில் இறங்கும் நேரம் நம் ஊர் நேரமே. அதில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.

பயிற்சி: குவைத் மணி நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே மாலை 6.00 என்றால் அங்கே எத்தனை மணி? பிள்ளைகளிடம் கேளுங்கள். (விடை: பிற்பகல் 3.30)

அம்மா தூரத்தில் இருந்தாலும், அங்கே இப்போது என்ன நேரம் என்று பிள்ளை தெரிந்து வைத்திருப்பது ஒரு ஆறுதல்தான்.